தீபாவளி லீவு, தைப்பூச லீவு, டபுள் சம்பளம்: பாடாங் செராயில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடாங் செராய் மலேசியாவின் கெடா மாநிலத்தில், கூலிம் மாவட்டத்தில் இருக்கிறது. சுற்றிலும் முன்பு ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. ஊர்க்காரர்களில் சிலருக்குத் தோட்டத்தில் வேலை, சிலருக்குக் கூலிம் தொழிற்பேட்டையில். இன்னும் சிலர் தினமும் எல்லை தாண்டிப் பினாங்கு மாநிலத்துப் பிறைக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் போய் வருகிறார்கள். ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு மாநில லீவு. ஆண்டு முடிவில் புதுக் காலண்டர் கைக்கு வந்ததும் சந்தேகங்களும் வந்துவிடும். அவற்றுக்கான பதில்கள் இவை.

தீபாவளிக்கு லீவு கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

நேரடியாக இல்லை. கேட்பவர்களுக்கு இது அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60டி பிரிவுப்படி, தனியார் துறையில் வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகள் சம்பளத்தோடு உண்டு. இவற்றில் 5 நாட்களை முதலாளி தொட முடியாது: ஆகஸ்டு 31 தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், வேலை செய்யும் மாநிலத்தின் சுல்தான் அல்லது ஆளுநர் பிறந்தநாள், மே 1 தொழிலாளர் தினம், செப்டம்பர் 16 மலேசிய தினம். மீதி 6 நாட்கள் எவை என்பதை அரசிதழில் வந்த விடுமுறைகளிலிருந்து முதலாளி தேர்ந்தெடுக்கலாம்.

தீபாவளி இந்த ஆறில் சேர்ந்தது. நோன்புப் பெருநாளும் சீனப் புத்தாண்டும்கூட அப்படித்தான். நடைமுறையில் தமிழர்கள் வேலை செய்யும் தோட்டம் எதுவும் தீபாவளியை விடாது. அன்று யாரும் வேலைக்கு வர மாட்டார்கள் என்று மேனேஜருக்கும் தெரியும். ஆனால் தைப்பூசத்தை அப்படி நம்ப முடியாது. பாதிச் சண்டை அதில்தான் வருகிறது.

அந்த 6 நாள் எவை என்று எங்கே தெரிந்துகொள்வது?

நோட்டீஸ் போர்டில். ஆண்டு பிறக்கும் முன்பே அந்த ஆறு நாட்களின் பட்டியலை வேலையிடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டவேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. மளிகைக்கடைக் காலண்டரில் சிவப்பாக இருக்கும் நாளெல்லாம் உங்கள் லீவு ஆகாது. போர்டில் இருப்பதுதான் கணக்கு.

டிசம்பர் மாதத்தில் ஒரு தடவை போர்டைப் பார்த்து, கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டவே இல்லையென்றால் கிராணியிடம் (அலுவலக எழுத்தரிடம்) கேளுங்கள். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் அந்த ஆறில் ஒன்றை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்கு முதலாளி சொன்னால் மட்டும் போதாது, தொழிலாளியும் சம்மதிக்க வேண்டும்.

தொழிற்சங்க ஒப்பந்தம் இருக்கும் தோட்டமென்றால் ஒப்பந்தத்தையும் பாருங்கள். 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இதையெல்லாம் பேசித்தான் வாங்கியிருக்கிறது. ஒப்பந்தம் சட்டத்துக்கு மேலே போகலாம், கீழே போனால் செல்லாது.

எனக்கு வீடு பாடாங் செராயில், வேலை பிறையில். எந்த மாநில லீவு எனக்கு?

வேலை செய்யும் மாநிலத்து லீவு. ஒருவர் முழுமையாகவோ பெரும்பாலுமோ எந்த மாநிலத்தில் வேலை செய்கிறாரோ அந்த ஆட்சியாளரின் பிறந்தநாள் என்றுதான் சட்டத்தில் இருக்கிறது. அடையாள அட்டை முகவரியை யாரும் பார்ப்பதில்லை. கெடா சுல்தான் பிறந்தநாள் ஜூன் மாதத்தின் மூன்றாம் ஞாயிறு. அன்று ஊரே ஓய்வில் இருந்தாலும் உங்களுக்கு அது லீவு இல்லை. உங்களுக்கு ஜூலையில் வரும் பினாங்கு ஆளுநர் பிறந்தநாள்.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது, வாழ்க்கைதான் சிக்கல். கெடா, கிளந்தான், திரெங்கானு மூன்றிலும் வார ஓய்வு வெள்ளி, சனி. பினாங்கில் சனி, ஞாயிறு. பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளி கெடா கணக்கில் ஞாயிற்றுக்கிழமை திறந்துவிடும். பிறையில் வேலை செய்யும் அப்பா அன்று வீட்டில் இருப்பார். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் வீட்டில், அப்பா வேலையில். குடும்பம் முழுக்கச் சேர்ந்து இருப்பது சனிக்கிழமை மட்டும்தான். நம்மூரில் கல்யாணம், காதுகுத்து, கோவில் கூட்டம் எல்லாம் சனிக்கிழமையில் வந்து குவிவதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம். ஜொகூர்க்காரர்களும் 2014 முதல் இந்த வெள்ளி-சனி கணக்கில் இருந்தார்கள். 2025 ஜனவரி 1 முதல் சனி-ஞாயிறுக்குத் திரும்பிவிட்டார்கள்.

ஒரே நாடுதானே, ஏன் மாநிலத்துக்கு மாநிலம் லீவு மாறுகிறது?

கூட்டரசு அரசியலமைப்பில் எந்த அதிகாரம் மத்திய அரசுக்கு, எது மாநிலத்துக்கு என்று ஒன்பதாவது அட்டவணையில் பிரித்து வைத்திருக்கிறார்கள். மாநில விடுமுறை, நிலம், ஊராட்சி மன்றங்கள், இஸ்லாமிய சமய விவகாரம் எல்லாம் மாநிலப் பட்டியலில் வருகின்றன. ஆமைகளும் ஆற்று மீன்பிடிப்பும்கூட அதே பட்டியலில்தான்! தொழிலாளர் சட்டம் மத்தியப் பட்டியலில். லீவு நாளை மாநிலம் அறிவிக்கும், அந்த நாளுக்கு உங்கள் சம்பளம் என்ன என்பதை மத்தியச் சட்டம் சொல்லும். குழப்பம் தொடங்குவதே இங்கேதான். நாளை அறிவிப்பதற்கு அடிப்படை 1951ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டம். தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் அதுதான் பொருந்தும்.

இதில் பழைய வரலாறும் கலந்திருக்கிறது. ஜனவரி 1 பினாங்கில் லீவு, கெடாவில் இல்லை. அன்று லீவு இல்லாத மாநிலங்களை எண்ணிப் பாருங்கள்: கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு, ஜொகூர். பிரிட்டிஷ் காலத்தில் கூட்டு மலாய் மாநிலங்களில் சேராமல் தனியாக நின்ற அதே ஐந்து மாநிலங்கள். பினாங்கோ நீரிணைக் குடியேற்றமாக நேரடி பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. சமய நாட்களிலும் வித்தியாசம் உண்டு. கெடாவில் இஸ்ராக் மிக்ராஜும் (நபிகளின் விண்ணேற்ற நாள்) நோன்பின் முதல் நாளும் லீவு. பினாங்கிலும் பேராவிலும் அவற்றுக்குப் பதில் நுசுல் குர்ஆன் (குர்ஆன் அருளப்பட்ட நாள்). ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கெடாவில் இரண்டு நாள்.

தைப்பூசம் கெடாவில் லீவா, இல்லையா?

பினாங்கு, பேரா, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், ஜொகூர் மாநிலங்களில் தைப்பூசம் பொது விடுமுறை. கோலாலம்பூருக்கும் புத்ராஜெயாவுக்கும் 2008இல்தான் கிடைத்தது. கெடாவில் அது நெடுநாள் நிலையான பட்டியலில் இல்லை. ஆண்டுதோறும் மாநில அரசு தனியாக அறிவிக்கும் சிறப்பு விடுமுறையாக இருந்தது. 2021 ஜனவரியில் கோவிட் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி மாநில அரசு அதை ரத்து செய்தபோது நாடு முழுக்கச் சர்ச்சையானது. ஊர்வலம் இல்லையென்றால் வீட்டில் இருந்து சாமி கும்பிடக் கூடாதா என்று ஊரில் கேட்ட கேள்வி நியாயமானதுதான். பிறகு லீவு திரும்பவும் வந்தது.

சரி, மாநிலம் அறிவித்தால் தோட்டமும் கொடுத்தாக வேண்டுமா? வேண்டியதில்லை. அரசு அலுவலகமும் பள்ளியும் மூடும். தனியார் முதலாளி தன் ஆறு நாள் பட்டியலில் தைப்பூசத்தைச் சேர்த்திருந்தால் மட்டும் உங்களுக்கு லீவு. அதனால் சண்டை போடுவதாக இருந்தால் பட்டியல் தயாராகும் நவம்பர், டிசம்பரில் போடுங்கள். தைப்பூசத்துக்கு முதல் நாள் அலுவலக வாசலில் நின்று பயனில்லை. இஸ்ராக் மிக்ராஜையோ வேறொன்றையோ விட்டுக்கொடுத்துத் தைப்பூசத்தை வாங்கிக்கொள்ளலாம். கலந்து பேசினால் நிர்வாகங்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்கின்றன.

திடீரென்று பிரதமர் அறிவிக்கும் லீவு?

அது வேறு கணக்கு. விடுமுறைச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் மத்திய அரசு அறிவிக்கும் நாளை 11 நாளுக்கு மேல் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு வேலை வாங்கினால் பதிலுக்கு வேறு நாள் கொடுக்கலாம். 2022 நவம்பரில் அன்வார் இப்ராகிம் பிரதமரானதும் 28ஆம் தேதியை விடுமுறையாக அறிவித்தது பலருக்கு நினைவிருக்கும். மாநில அரசு தானாக அறிவிக்கும் திடீர் லீவுக்கு, பந்து விளையாட்டில் ஜெயித்ததற்குக் கொடுப்பது போன்றவற்றுக்கு, இந்தக் கட்டாயம் தனியார் முதலாளிக்குக் கிடையாது.

லீவு ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் திங்கள் லீவா?

உங்கள் ஓய்வு நாள் எது என்று முதலில் சொல்லுங்கள். ஓய்வு நாளிலோ இன்னொரு பொது விடுமுறையிலோ லீவு வந்து விழுந்தால், அடுத்த வேலை நாள் சம்பள லீவு. அவ்வளவுதான் விதி.

2026 தீபாவளியை எடுத்துக்கொள்வோம். நவம்பர் 8, ஞாயிறு. பிறைத் தொழிற்சாலையில் ஞாயிறு ஓய்வு உள்ள அண்ணனுக்குத் திங்கள் 9ஆம் தேதியும் லீவு. பாடாங் செராயில் வெள்ளிக்கிழமை ஓய்வு உள்ள தம்பிக்கு ஞாயிறு சாதாரண வேலை நாள். அதுதான் அவருக்குத் தீபாவளி லீவு, திங்கள் வேலைக்குப் போக வேண்டும். ஷிப்டில் புதன்கிழமை ஓய்வு வாங்கும் தங்கைக்கும் அப்படியே. அதே ஆண்டு தைப்பூசமும் பிப்ரவரி 1, ஞாயிறு. கோலாலம்பூரில் அன்று கூட்டரசுப் பிரதேச தினமும் சேர்ந்துகொள்கிறது.

லீவு நாளில் வேலைக்குக் கூப்பிட்டால் சம்பளம் எவ்வளவு?

முதலில் ஒன்று: லீவு நாளில் வேலைக்கு வரச்சொல்ல முதலாளிக்கு உரிமை உண்டு. ஆனால் அதற்கு விலை கொடுக்க வேண்டும். அன்றைய லீவுச் சம்பளத்தோடு சேர்த்து இன்னும் இரண்டு நாள் சம்பளம். இரண்டு மணி நேரம்தான் வேலை செய்தீர்கள் என்றாலும் இரண்டு நாள் சம்பளம்தான்.

மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் வரும். 1820 ரிங்கிட் வாங்குபவருக்கு ஒரு நாள் 70. லீவு நாளில் வேலை செய்தால் மாதச் சம்பளத்துக்கு மேல் 140 ரிங்கிட். லீவு நாளின் 70 ஏற்கெனவே 1820க்குள் இருக்கிறது. நாள் சம்பளக்காரருக்கு 70ம் 140ம் சேர்த்து 210 கையில் வர வேண்டும். மூன்று மடங்கு என்று ஊரில் சொல்வது இந்தக் கணக்கைத்தான். வழக்கமான நேரத்தையும் தாண்டி வேலை செய்தால் அந்த ஓவர்டைம் மணிக்கு மூன்று மடங்கு.

மாதம் 4000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்கும் அலுவலக ஊழியருக்கு இந்தக் கூடுதல் சம்பளம் சட்டப்படி இல்லை. லீவு மட்டும் உண்டு. 2023 ஜனவரி முதல் இப்படி. வீட்டு வேலைக்காரர்களுக்கு இந்த விடுமுறைப் பிரிவே பொருந்தாது. இது எனக்குப் பிடிக்காத ஓட்டை, ஆனாலும் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது.

செம்பனைக் குலை வெட்டுகிறேன், டன் கணக்கில் கூலி. எனக்கு லீவுச் சம்பளம் எப்படி?

உங்களுக்கும் உண்டு. வெட்டினால்தான் காசு, லீவுக்கு எதுவும் இல்லை என்று மண்டோர் (மேற்பார்வையாளர்) சொன்னால் நம்பாதீர்கள். முந்தைய சம்பள மாதத்தில் வாங்கிய மொத்தக் கூலியை (ஓய்வு நாள், லீவு நாள் வேலைக்கு வாங்கியதை நீக்கிவிட்டு) வேலை செய்த நாட்களால் வகுத்தால் வருவது உங்கள் ஒரு நாள் சம்பளம். லீவு நாளுக்கு அது கிடைக்க வேண்டும். லீவு அன்று வெட்டினால் அதற்கு மேல் டன்னுக்கு இரண்டு மடங்கு விலை.

தோட்டத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருந்தால் அவர்களுக்கும் இதே சட்டம், இதே கணக்கு.

தீபாவளிக்கு மறுநாள் வேலைக்குப் போகவில்லை. தீபாவளிச் சம்பளத்தையே வெட்டிவிட்டார்கள். சரியா?

சொல்லாமல் போகாமல் இருந்தால், சரிதான். லீவுக்கு முந்தைய வேலை நாளோ அடுத்த வேலை நாளோ அனுமதி இல்லாமல் வராதவருக்கு லீவுச் சம்பளம் கிடையாது. நியாயமான காரணம் இருந்தால் தப்பிக்கலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்பது காரணம். முதல் நாள் ராத்திரி கொஞ்சம் ஜாஸ்தியாகிவிட்டது என்பது காரணம் இல்லை. மறுநாளும் வேண்டுமென்றால் ஆண்டு விடுப்புக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், கையெழுத்தான நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

எம்சியில் (மருத்துவ விடுப்பில்) இருக்கும்போது லீவு வந்தால் அந்த லீவு வீணாகாது. பதிலுக்கு வேறு நாள் தர வேண்டும்.

மழையால் வேலை இல்லாத நாளை லீவு என்று எழுதலாமா?

கூடாது. மழை நாள் பொது விடுமுறை ஆகாது. இன்னொன்றும் இருக்கிறது, பலருக்குத் தெரியாதது: வேலைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தோட்டத் தொழிலாளிக்காகவே எழுதப்பட்டது. மாதம் குறைந்தது 24 நாள் வேலை தோட்டம் கொடுக்க வேண்டும். தொழிலாளி தயாராக இருந்தும் வேலை கொடுக்க முடியாமல் போனால் அந்த நாட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ரப்பர் காலத்தில் மழை மாதங்களில் இந்தப் பிரிவுக்கு நிறைய வேலை இருந்தது.

பண்டிகைத் தேதி ஏன் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது? பொங்கல் மட்டும் மாறுவதில்லையே?

பொங்கல் சூரியனைப் பின்பற்றுகிறது. சூரியன் மகர ராசிக்குள் நுழையும் நாள் தை முதல் நாள். ஜனவரி 14 அல்லது 15. சித்திரைப் புத்தாண்டும் அப்படித்தான், ஏப்ரல் 14ஐ ஒட்டி நிற்கும்.

தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் சூரியன் மாதத்தைச் சொல்லும், நாளைச் சந்திரன் சொல்லும். ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசியின் விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது நம் வழக்கம். கிருஷ்ணன் நரகாசுரனை அழித்த கதையோடு சேர்ந்த நாள். வட இந்தியர்கள் அமாவாசை இரவில் லட்சுமி பூசை செய்வதால் அவர்களுக்குச் சில ஆண்டுகளில் ஒரு நாள் தள்ளிப் போகும். ஐப்பசி அக்டோபர் நடுவில் தொடங்கி நவம்பர் நடுவில் முடிவதால் தீபாவளி அந்த எல்லைக்குள்ளேயே முன்னும் பின்னும் நகரும். 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. தைப்பூசம் தை மாதத்தில் பூச நட்சத்திரம் பௌர்ணமியை ஒட்டி வரும் நாள். பார்வதி முருகனுக்கு வேல் கொடுத்த நாள் என்பது ஐதீகம். பத்துமலையில் 1892 முதல் கொண்டாடப்படுகிறது. பினாங்கில் தண்ணீர்மலைக்கு வெள்ளி ரதத்தோடு 2017 முதல் தங்க ரதமும் போகிறது. நம் பக்கத்தில் பலரும் தண்ணீர்மலைக்கோ சுங்கை பட்டாணிக்கோ போவார்கள்.

நோன்புப் பெருநாளுக்குச் சூரியக் கணக்கே இல்லை. சந்திர ஆண்டு 354 நாள் என்பதால் அது ஆண்டுக்குப் பதினோரு நாள் அளவு முன்னால் வந்துகொண்டே இருக்கும். பிறை பார்த்த பிறகு அரசர்களின் முத்திரைக் காப்பாளர் தொலைக்காட்சியில் அறிவிப்பதை நாமும் உட்கார்ந்து பார்ப்போம். லீவு நாளையா, மறுநாளா என்று தெரிய வேண்டுமே. 2005இல் தீபாவளி நவம்பர் 1, பெருநாள் நவம்பர் 3. தீபாவளியையும் ஹரி ராயாவையும் (பெருநாள்) சேர்த்துத் தீபராயா என்று கடைகளெல்லாம் பெயர் வைத்த காலம் அது. ஏறக்குறைய 33 ஆண்டுக்கு ஒருமுறை இப்படி ஒட்டி வரும். அடுத்தது 2030களின் இறுதியில்.

சரவாக்கில் தீபாவளி பொது விடுமுறை இல்லை. அங்கே மாற்றலாகிப் போகும் ஆசிரியர்கள் முதல் ஆண்டு திகைத்துப் போவார்கள்.

பொங்கலுக்கு லீவு உண்டா?

பொது விடுமுறை இல்லை. ஆண்டு விடுப்பில் எடுக்க வேண்டியதுதான். பள்ளிகள் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட சிறப்பு விடுமுறை நாட்களில் ஒன்றைப் பொங்கலுக்கு வைத்துக்கொள்ளலாம். உங்கள் பள்ளியில் என்ன முடிவு என்று தலைமையாசிரியரைக் கேளுங்கள்.

தீபாவளிக்கு அட்வான்ஸ், போனஸ் கேட்க உரிமை உண்டா?

போனஸ் சட்டத்தில் இல்லை. வேலை ஒப்பந்தத்திலோ சங்க ஒப்பந்தத்திலோ எழுதியிருந்தால் மட்டும் அது உரிமை. இல்லையென்றால் நிர்வாகத்தின் மனசு.

அட்வான்ஸ் கொடுக்கலாம், கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. பொதுவாக முந்தைய மாதம் சம்பாதித்த தொகைக்கு மேல் கொடுக்கக் கூடாது. வட்டி வாங்கக் கூடாது, இது கண்டிப்பு. பிடித்தம் எல்லாம் சேர்த்து ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. வட்டிக்காரனிடம் போவதற்கு முன் அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

பண்டிகைக் காலத்தில் ஆட்டிறைச்சி, தேங்காய், வெங்காயம் போன்றவற்றுக்கு அரசு உச்ச விலை வைக்கும். அந்தப் பொருட்களுக்கு இளஞ்சிவப்பு விலை அட்டை தொங்க வேண்டும். அதற்கு மேல் விற்றால் உள்நாட்டு வாணிப அமைச்சிடம் புகார் செய்யலாம்.

மே தினம் எப்போதிலிருந்து லீவு?

1972இல் அரசு அறிவித்தது. மலேசிய தினம் அதைவிடப் புதிது, 2010 முதல்தான்.

பட்டாசு, மூங்கில் பீரங்கி?

அனுமதி பெற்ற கடையில் விற்கும், அனுமதிக்கப்பட்ட வகை மட்டும். அனுமதி இல்லாததை வைத்திருந்தாலோ செய்தாலோ 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தில் ஏழு ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம். கார்பைடு போட்டு வெடிக்கும் மூங்கில் பீரங்கியும் வீட்டில் செய்த வெடிதான். லயத்துப் பையன்களுக்கு அது வீர விளையாட்டு. விரல் போன பையனின் தாயிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்.

பண்டிகை நாளில் குடிப்பதற்கு என்ன சட்டம்?

21 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு மதுபானம் விற்கக் கூடாது. 2017 டிசம்பர் வரை அது 18 ஆக இருந்தது. குடித்துவிட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டினால்தான் பெரிய இடி. 2020 அக்டோபர் முதல் இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம்தான் எல்லை. தாண்டினால் முதல் தடவைக்கே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, லைசென்சும் போகும். ஒரு பாட்டிலுக்காக ஒரு வருடச் சம்பளத்தைக் கொடுப்பதா என்று யோசியுங்கள்.

கெடாவில் குடிக்கு எதிரான போராட்டம் பழையது. 1947இல் பீடோங் அருகே ஹார்வார்டு தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக நின்றது. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்த காலம் அது.

வீட்டு வாசலில் பந்தல் போட, காவடி ஊர்வலம் போக அனுமதி வேண்டுமா?

2012ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டத்தில் சமயக் கூட்டம், திருமண விருந்து, இறுதி ஊர்வலம், பண்டிகைத் திறந்த இல்ல உபசரிப்பு ஆகியவற்றுக்குப் போலீசுக்கு முன்னறிவிப்புத் தேவையில்லை என்று விலக்கு இருக்கிறது. ஆனால் சாலை யாருடையது என்பது வேறு விஷயம். பொதுச் சாலையை மறித்துப் பந்தல் போட நகராண்மைக் கழகத்தின் பெர்மிட் வேண்டும். காவடி, ரதம் சாலையில் போகும்போது போக்குவரத்துப் போலீசோடு முன்கூட்டியே பேசியாக வேண்டும். தோட்டத்தின் உள்சாலை என்றால் மேனேஜரின் கடிதம் போதும். ஒலிபெருக்கியை ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வைத்துவிட்டு அக்கம்பக்கத்தாரிடம் சட்டம் பேசக் கூடாது. இது சட்டம் இல்லை, என் கருத்து.

எங்கள் தோட்டக் கோவில் 80 ஆண்டு பழசு. தோட்டத்தை விற்கப்போகிறார்கள். நிலம் கோவிலுக்குச் சொந்தமாகிவிட்டதல்லவா?

இல்லை. எத்தனை ஆண்டு இருந்தாலும் இருப்பதால் மட்டும் உரிமை வராது என்று தேசிய நிலச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே நிலம். தாத்தா காலத்துத் துரை வாய்வார்த்தையாகக் கொடுத்தது புதிய முதலாளியைக் கட்டுப்படுத்தாது. தோட்டங்கள் கைமாறியபோது கோவில்களுக்கு வந்த பிரச்சினைகள் பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான் தொடங்கின.

ஆகவே விற்பனைப் பேச்சு காதில் விழுந்த அன்றே வேலையைத் தொடங்குங்கள். கோவில் நிர்வாகக் குழு சங்கப் பதிவகத்தில் பதிவாகியிருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அது. பதிவில்லாத குழுவோடு எந்த அதிகாரியும் கடிதப் போக்குவரத்து வைக்க மாட்டார். அடுத்து இப்போதைய நிர்வாகத்திடமிருந்து கோவில் அங்கே இருப்பதை ஒத்துக்கொள்ளும் எழுத்துக் கடிதம், கோவில் பகுதியைக் காட்டும் வரைபடம், பழைய திருவிழா அழைப்பிதழ்கள், படங்கள். கோவில் நிலத்தைத் தனியாகப் பிரித்துக் கொடுக்க விற்பவர் இருக்கும்போதே கேளுங்கள். வாங்கியவரிடம் கேட்பது அதைவிடப் பல மடங்கு கடினம். நிலம் மாநில அரசின் கையில் என்பதால், மாவட்ட நில அலுவலகத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் நகல் போக வேண்டும். அரசு நிலத்தில் நிற்கும் கோவிலென்றால் அந்த இடத்தைப் பொதுப் பயனுக்கான ஒதுக்கீடாக அரசிதழில் அறிவிக்க மனு கொடுக்கலாம். வழக்கறிஞரைப் பார்ப்பதையும் கடைசி நாளுக்கு விடாதீர்கள்.

லீவுச் சம்பளம் தரவில்லை. எங்கே புகார் செய்வது?

வேலையிடம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்தப் பகுதியின் தொழிலாளர் அலுவலகத்தில். வேலைச் சட்டத்தின் 69ஆம் பிரிவில் தொழிலாளர் நீதிமன்றம் விசாரிக்கும். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்றும் இல்லை. சம்பளச் சீட்டு, போர்டில் எடுத்த படம், அன்றைக்கு வேலை செய்ததற்கான செக்ரோல் (வருகைப் பதிவேடு) பதிவு அல்லது பஞ்ச் கார்டு நகல் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். சங்க உறுப்பினர் என்றால் முதலில் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். கெடாவில் அரசு அலுவலகம் வெள்ளி, சனி மூடியிருக்கும், ஞாயிறு திறந்திருக்கும். வேலையிடம் பினாங்கில் என்றால் அந்த அலுவலகத்துக்குத் திங்கள் முதல் வெள்ளிக்குள் போய்ச் சேருங்கள்.